தாமரை இதழில் ஓர் எழுத்து
சிவகிரியின் ஃபிளெக்ஸ் வடிவமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடைவீதியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஃபிளெக்ஸும் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் வடிவமைக்கும் தம்பி தங்கைகளுக்கு,

போன வாரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உங்களில் ஒருவர் என்னிடம் செல்போனை நீட்டினார். "அண்ணாச்சி, இந்த முக்கோணத்தைப் பாத்தீயளா? உள்ளுக்குள்ள ரகசியக் கூட்டத்தோட முத்திரை இருக்காம். இங்கிலீஷ் பாட்டுக்காரன் பூராவும் அதுல ஆளாம்." வீடியோவில் ஒருவர் மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தார். படத்தின் மேல் சிவப்பு வட்டம், அம்புக்குறி, பின்னணியில் பேய்ப்பட இசை. காட்டிய தம்பி போட்டிருந்த கறுப்பு டி-ஷர்ட்டில் வெள்ளைக் கோடுகள் அடுக்கடுக்காக ஏறி இறங்கின. "அது இருக்கட்டும், உன் நெஞ்சுல இருக்கே, அது என்ன படம்?" என்று கேட்டேன். "தெரியல அண்ணாச்சி. நம்ம மேக்குமலை மாதிரி இருந்துச்சு, ராஜபாளையத்துல எடுத்தேன்" என்றார்.

போனில் இருந்தது, நெஞ்சில் இருந்தது இரண்டுமே ராக் இசைத்தட்டுகளின் உறைப்படங்கள். ஒன்றில் இல்லாத ரகசியத்தைத் தேடுகிறார். மற்றொன்றில் இருக்கும் கதையை அவர் கேட்கவே இல்லை. டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமில்லை என்பதால் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

எனக்கு இதில் என்ன பாத்தியதை என்று கேட்பீர்கள். நான் கிதார் தொட்டவனில்லை. 1984-இல் சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் ரீடச்சிங் வேலைக்குச் சேர்ந்தேன். சனிக்கிழமை ராத்திரி ஊருக்கு பஸ் ஏறி, திங்கள் விடியலில் திரும்புகிற பிழைப்பு. அந்த ஊரில் 'ஆல்பம்' என்றால் பாட்டுத் தட்டு கிடையாது. ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டு வெளியிடுகிற காலண்டர் மாதிரிப் புத்தகம்தான் ஆல்பம். பட்டாசுக் குழாய் சுற்றுவதற்கு வெளிநாட்டுப் பழைய பத்திரிகைகள் மூட்டை மூட்டையாக வரும். அதில் ஒரு மூட்டையிலிருந்து நண்பன் ஒருவன் ஒரு பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்து என் லைட் டேபிள் மேல் போட்டான். "உன் சாமி வெளிநாடு போயிட்டாரு பாரு."

பல தலைகளும் பல கைகளும் விரிந்த விஸ்வரூபம். நம் பூஜையறைப் படத்தில் எப்படியோ அப்படியே. ஆனால் நடுவில் பெருமாள் முகம் இருக்கவேண்டிய இடத்தில் சுருட்டைமுடிக் கறுப்பர் ஒருவர். அவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு வெள்ளைக்காரர்கள். என் வாழ்க்கையில் நான் பார்த்த முதல் ராக் உறைப்படம் அதுதான். அந்தப் படத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் உங்கள் முக்கோணம். பிங்க் ஃபிளாய்ட் குழு 1973-இல் வெளியிட்ட 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' தட்டின் உறை அது. குழுவில் கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட், 'இந்தத் தடவை போட்டோ வேண்டாம், எளிமையாக ஏதாவது செய்யுங்கள்' என்ற கருத்தில் கேட்டிருக்கிறார். ஹிப்னோசிஸ் என்ற வடிவமைப்பு நிறுவனத்தின் ஸ்டார்ம் தோர்கர்சன், இயற்பியல் பாடப்புத்தகத்தில் வருகிற முப்பட்டகத்தைப் பிடித்துக்கொண்டார். வரைந்து கொடுத்தவர் ஜார்ஜ் ஹார்டி. வெள்ளை ஒளி உள்ளே போகிறது, வண்ணமாகப் பிரிந்து வெளியே வருகிறது. நம் பள்ளிக்கூடத்தில் ஏழு நிறம் என்று படித்தோம். உறையில் எண்ணிப் பாருங்கள், ஆறுதான் இருக்கும். கருநீலம் இல்லை. ஊதாவும் கருநீலமும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால் அச்சில் ஒன்றோடொன்று குழம்பும் என்பது மிஷின் ஓட்டியவனுக்குத் தெரியும்.

அந்த வண்ணப் பட்டை உறையோடு நிற்காது. மடிப்பைப் பிரித்தால் உள்பக்கத்திலும் ஓடும். ஓடுகிற வழியில் ஒரு கோடு மட்டும் இதயத்துடிப்பு மாதிரி எகிறும், ஏனென்றால் அந்தத் தட்டே இதயத்துடிப்புச் சத்தத்தில்தான் தொடங்கி முடிகிறது. பின்னட்டையில் இன்னொரு முப்பட்டகம் எல்லா நிறத்தையும் திரும்ப ஒன்றாக்கும். கடையில் உறைகளை வரிசையாக விரித்து வைத்தால் கோடு அறாமல் போய்க்கொண்டே இருக்கும். பாட்டும் படமும் கடை அலமாரியும் சேர்ந்து யோசித்த வேலை இது. இதை விட்டுவிட்டு முத்திரை தேடுகிறவன், சாப்பாட்டை விட்டுவிட்டு இலையைத் தின்கிறவன்.

குறி வைத்துப் படம் செய்வது நமக்குப் புதிதா? ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் போகாதவர் உங்களில் யாரும் இருக்கமாட்டீர்கள். சங்கரநாராயணர் சந்நிதியில் என்ன பார்க்கிறோம்? வலப்பாதி சிவன், இடப்பாதி திருமால். ஒரு பக்கம் சடை, மறுபக்கம் கிரீடம். சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்ற இரண்டு நாக அரசர்கள் சண்டை பிடிக்க, கோமதியம்மன் தவம் இருந்து கேட்டு வாங்கிய கோலம் என்கிறது தலபுராணம். உங்கள் தொழில் பாஷையில் சொன்னால், இரண்டு கோஷ்டிக்காரர்களும் கோபித்துக்கொள்ளாதபடி ஒரே ஃபிளெக்ஸ் அடித்துக் கொடு என்று வந்த ஆர்டர். அந்த ஆர்டரை ஒரு சிற்பி எவ்வளவு அழகாக முடித்திருக்கிறான் பாருங்கள். நம் ஊருக்குத் தெற்கே வாசுதேவநல்லூரில் அர்த்தநாரீஸ்வரர். அங்கேயும் பாதிக்குப் பாதி கணக்குத்தான், ஆனால் சொல்கிற சேதி வேறு.

எழுத்துக்கூட்டிக்கூட வாசிக்கத் தெரியாத என் ஆச்சி இந்த இரண்டு உருவத்தையும் இது பாம்பு, இது மழு, இது சங்கு என்று விரல் விட்டுச் சொல்லிக்கொடுத்தாள். அவளுக்கு அது ரகசியமாக இருந்ததில்லை. செய்தவனும் பார்க்கிறவளும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்ட மொழி அது. ரகசியம் ஆளை வெளியே தள்ளும். குறி ஆளை உள்ளே கூப்பிடும்.

இப்போது நெஞ்சில் இருக்கும் மேற்குமலைக்கு வருவோம். அது மலையில்லை, நட்சத்திரம். 1967-இல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஜோஸ்லின் பெல் வானத்திலிருந்து கடிகாரம் மாதிரி துடித்து வந்த ஒரு ரேடியோ சமிக்ஞையைக் கண்டுபிடித்தார். ஒன்றேகால் விநாடிக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியில் ஒவ்வொரு துடிப்பு. பல்சார் என்று இன்று சொல்கிறோமே, அதில் முதலாவது இதுதான். அந்தத் துடிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கோட்டுப்படமாக்கியவர் ஹெரால்ட் கிராஃப்ட் என்ற மாணவர், 1970-இல் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய முனைவர் பட்ட ஆய்வேட்டில். அங்கிருந்து அது ஒரு வானியல் கலைக்களஞ்சியத்துக்குப் போனது. ஜாய் டிவிஷன் குழுவின் பெர்னார்ட் சம்னர் அந்தப் புத்தகத்தில் அதைப் பார்த்து எடுத்து வந்தார். பீட்டர் சாவில் என்ற இளம் வடிவமைப்பாளர் வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடாக இருந்ததைக் கறுப்பில் வெள்ளையாகத் திருப்பினார். 1979-இல் 'அன்நோன் பிளெஷர்ஸ்' தட்டின் உறையாக வந்தது. முன்னட்டையில் குழுவின் பெயரும் கிடையாது, தட்டின் பெயரும் கிடையாது.

திருப்பிப்போட்டது என்ன பெரிய வேலை என்று கேட்காதீர்கள். வெள்ளையில் இருந்தபோது அது வரைபடம். கறுப்பில் விழுந்ததும் ராத்திரியாகிவிட்டது. நீங்கள் ஒரு நாளைக்கு நூறு தடவை தட்டுகிற 'இன்வர்ட்' பொத்தான்தான், ஆனால் எங்கே தட்டுவது என்று தெரிந்த கை.

இந்தக் கதையில் என் மனசு நிற்கிற இடம் வேறு. கோடு போட்ட கிராஃப்டுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பல வருஷம் கழித்துத் தெரிந்தவர் ஒருவர் சொல்லித்தான் அவருக்கே தெரியும். கடைக்குப் போய்ப் பார்த்தால், ஆமாம், தன் படம். காசு கொடுத்து ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார்.

அடுத்தது விறகுக்கட்டு. மலையடிவாரத்திலிருந்து முதுகு வளைய விறகுக்கட்டோடு இறங்குகிறவர்களை நம் ஊரில் என் வயதுக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்போம். லெட் செப்பலின் குழு 1971-இல் வெளியிட்ட நாலாவது தட்டின் உறையில் அப்படி ஒரு கிழவர் நிற்கிறார். முதுகில் சுள்ளிக்கட்டு, கையில் ஊன்றுகோல். சட்டம் போட்ட அந்தப் படம், காகிதம் உரிந்துபோன ஒரு சுவரில் மாட்டியிருக்கும். உறையை முழுசாக விரித்தால் அது பாதி இடித்த வீட்டின் சுவர் என்று தெரியும், பின்னால் அடுக்குமாடிக் கட்டடம் எழுந்து நிற்கும். ஒரு வார்த்தை இல்லாமல் ஒரு நாடு கிராமத்தை இடித்து நகரம் கட்டிய கதையைச் சொல்லிவிட்டார்கள். தட்டுக்குத் தலைப்பு இல்லை. குழுவின் பெயரும் உறையில் இல்லை. உள்ளே நாலு பேரும் ஆளுக்கொரு குறியைத் தேர்ந்து போட்டுக்கொண்டார்கள். அந்த நாலு குறிக்கு அர்த்தம் தேடி ஐம்பது வருஷமாக மந்திரம், மாந்திரீகம் என்று எழுதித் தீர்த்திருக்கிறார்கள்.

கிழவர் யார் என்று கேட்டவர்கள் குறைவு. பாடகர் ராபர்ட் பிளான்ட் ஒரு பழம்பொருள் கடையில் வாங்கிய படம் என்ற அளவில் பேச்சு நின்றுவிட்டது. 2023-இல் பிரையன் எட்வர்ட்ஸ் என்ற ஆய்வாளர் பழைய போட்டோ ஆல்பம் ஒன்றைப் புரட்டும்போது அதே கிழவர், அதே கட்டு, அதே கோல். 1892-இல் எர்னஸ்ட் ஃபார்மர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். தட்டில் வந்தது அதற்கு வண்ணம் தீட்டிய பிரதி. கிழவரின் பெயர் லாட் லாங். வில்ட்ஷர் மாவட்டத்தில் மேர் என்ற சிற்றூர்க்காரர். கூரை வேய்கிற தொழிலாளி. படம் எடுத்த மறுவருஷம் இறந்துபோனார். கோடிக்கணக்கான வீடுகளில் அவர் முகம் இருந்தது, பெயர் வந்துசேர 52 வருஷம் ஆனது. நாலு குறியை விடப் பெரிய மறைபொருள் முன்னட்டையிலேயே, முதுகில் கட்டோடு நின்றுகொண்டிருந்திருக்கிறது.

வதந்திகள் எப்படிப் பிறக்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். பீட்டில்ஸ் நாலு பேரும் வரிசையாகச் சாலையைக் கடக்கும் 'அபே ரோடு' படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நம் சினிமாப் போஸ்டர்களே எத்தனை தடவை அந்தக் காட்சியைப் போட்டிருக்கும். 1969 ஆகஸ்ட் 8-ஆம் தேதி, இயன் மேக்மில்லன் என்ற புகைப்படக்காரர் நடுரோட்டில் ஏணி போட்டு ஏறி நின்று, சில நிமிடத்தில் ஆறே ஆறு படம் எடுத்தார். வெயில் என்பதால் பால் மெக்கார்ட்னி செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். 'வெறுங்கால் என்றால் பிணம், பால் செத்துப்போய்விட்டார், இப்போது இருப்பது வேறு ஆள்' என்று ஒரு கதை கிளம்பியது. அந்தக் கதைக்குக் கை கால் வைத்தவர்களில் முக்கியமானவர் மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர் ஃபிரெட் லாபூர். தட்டுக்கு விமர்சனம் எழுதச் சொன்னார்கள். அவர் விளையாட்டாகத் தடயங்களைத் தாமே இட்டுக்கட்டி எழுதினார். ஊர் உலகம் நம்பிவிட்டது. மெக்கார்ட்னி இன்றைக்கும் பாடிக்கொண்டிருக்கிறார். உங்கள் வீடியோக்காரர் அந்த மாணவருக்குப் பேரன் முறை.

உண்மையிலேயே ஒளித்து வைத்த உறையும் உண்டு. 1983-இல் நியூ ஆர்டர் குழுவின் 'புளூ மண்டே' தட்டுக்கு அதே பீட்டர் சாவில், கம்ப்யூட்டர் ஃபிளாப்பி மாதிரி ஓட்டை வெட்டிய உறை செய்தார். எழுத்துக்குப் பதில் ஓரமாக வண்ணக் கட்டங்கள். ஒவ்வொரு வண்ணமும் ஓர் எழுத்து. படிக்கும் சாவியை அதே குழுவின் அடுத்த தட்டின் பின்னட்டையில் ஒரு வண்ணச் சக்கரமாகக் கொடுத்தார். பூட்டைப் போட்டவர் சாவியையும் கையில் கொடுத்ததைக் கவனியுங்கள். டை கட்டிங் செலவில் பிரதிக்குப் பிரதி நட்டம் என்று ஒரு கதை அந்த உறையைப் பற்றி உலவுகிறது. டை கட்டிங் பில்லைப் பார்த்தவன் என்பதால் நான் அதை லேசில் தள்ளமாட்டேன்.

சரி, என் லைட் டேபிளில் விழுந்த விஸ்வரூபம். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் என்ற அமெரிக்கக் கிதார் கலைஞரின், 1967 டிசம்பரில் லண்டனில் வெளிவந்த 'ஆக்சிஸ்: போல்ட் ஆஸ் லவ்' என்ற தட்டு. இந்தியாவில் அச்சடித்த 'விராட் புருஷன் – விஷ்ணுரூபம்' என்ற சாமிப்படத்தை எடுத்து, மூன்று இசைக்காரர்களின் முகங்களை அதில் பொருத்தி ரோஜர் லா வரைந்தார். ஹெண்ட்ரிக்ஸுக்கே அது பிடிக்கவில்லை. தன் ரத்தத்தில் அமெரிக்கப் பழங்குடியினரின் வழி உண்டு என்று சொல்லிக்கொண்டவர் அவர். 'இந்தியன்' என்ற ஒரே சொல்லில் இரண்டு சனங்கள் இருக்க, உறை வேறு இந்தியனிடம் போய்விட்டது என்பது அவர் வருத்தம். முகத்தைப் பொருத்தியவர் பெயர் உறையில் இருக்கிறது. மூலப்படத்தில் அத்தனை தலையையும் கையையும் கணக்காக விரித்த நம் ஊர்க் கைக்குப் பெயர் இல்லை.

அதோடு நிற்கவில்லை. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் வெளியே நீட்டிய நாக்குச் சின்னம் உங்களுக்குத் தெரியும், அதுவும் டி-ஷர்ட்டில் வருகிறது. 1970-இல் பாடகர் மிக் ஜாகர் ஒரு காளி படத்தைக் காட்டி, இந்த நாக்கு மாதிரி வேண்டும் என்ற எண்ணத்தை ஜான் பாஷ் என்ற ஓவியக் கல்லூரி மாணவரிடம் சொன்னார். பாஷுக்கு முதலில் கிடைத்த கூலி 50 பவுண்டு. 1997-இல் ஏரோஸ்மித் குழு, காளிங்கன் மேல் ஆடும் கண்ணனின் படத்தில் பூனைத்தலையைப் பொருத்தி உறை போட்டது. இந்துக்கள் ஆட்சேபித்தார்கள், உறையை மாற்றினார்கள். எந்தப் படத்தை எடுக்கிறோம், அது யாருடைய பூஜையறையில் இருக்கிறது என்று கேட்காததன் விலை அது. கேட்டவர்களும் உண்டு. 1967-இல் 'சார்ஜெண்ட் பெப்பர்' உறைக்கு பீட்டர் பிளேக்கும் ஜேன் ஹாவொர்த்தும் பீட்டில்ஸைச் சுற்றி உலகப் பிரபலங்களை நிறுத்தியபோது காந்தியும் அதில் இருந்தார். இந்தியாவில் மனம் புண்படும் என்று தட்டு நிறுவனம் சொல்ல, அவரை எடுத்துவிட்டார்கள்.

இவ்வளவு தூரம் நம் காலண்டர் படங்கள் போயிருக்கின்றன. ஆனால் அந்த மரபின் வீடு எங்கே? ஒரு பஸ் தூரத்தில், கோவில்பட்டியில். கொண்டையராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்துகொண்டு ஊர் ஊராகப் போனவர், கோவில்பட்டியில் தங்கிவிட்டார். சுப்பையா, ராமலிங்கம் என்று சீடர்களை வளர்த்தார். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடிக்க வளர்ந்த சிவகாசி லித்தோ மிஷின்கள் அவர்கள் படங்களை நாட்டின் மூலை முடுக்கெல்லாம் கொண்டுபோயின. நாடக மேடையின் மாளிகைத் தூணும் தொங்குதிரையும் இன்றைக்கும் நம் சாமிகளுக்குப் பின்னால் நிற்பது அவர்கள் தந்த வழக்கம். பழைய படம் கிடைத்தால் சாமியின் காலடி ஓரத்தைப் பாருங்கள். ஓவியர் பெயர் போட்டிருக்கும். சாமி காலடியில் பெயர் போடுவதை அப்போது யாரும் அகங்காரம் என்று நினைக்கவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நிலைமை மாறிவிட்டது. படம் வரைகிறவர் ஒருவர், நிறம் பிரிக்கிறவர் ஒருவர், தொட்டுத் திருத்துகிறவர் ஒருவர். ரீடச்சருக்குப் பெயர் போடும் வழக்கமே இல்லை. நானும் கேட்டதில்லை. 1991 என்று ஞாபகம், ஒரு மகாலட்சுமி காலண்டர். தாமரைக்குள் நிழல் சரியில்லை என்று மூன்று ராத்திரி உட்கார்ந்து சரிபண்ணினேன். முடித்ததும் கை சும்மா இருக்கவில்லை. மெஜந்தா பாசிட்டிவ் பிலிமை எடுத்து, வலப்பக்கம் கீழ் இதழின் நரம்போடு நரம்பாக, பிளேடு நுனியால் 'ச' என்று சுரண்டினேன். மெஜந்தா போன இடம் வெளுத்து, இதழில் ஒரு ரேகை மாதிரி நிற்கும். மிஷின்மேன் முதல் தாளை லென்ஸ் வைத்துப் பார்த்தார். இதழில் லென்ஸ் நின்றது. என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மிஷினை ஓடவிட்டார்.

அந்தக் காலண்டர் ஒன்று சிவகிரி வீட்டுக்கு வந்தது. அம்மாவைக் கூட்டிப்போய் இதழைக் காட்டினேன். கண்ணை இடுக்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "இவ்வளவு சின்னதா ஏன்டா போட்ட? பெருசாப் போட்டா மொதலாளி ஏசுவாரோ?"

என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு எத்தனையோ தாமரையில், தீபச்சுடரில், மயில் தோகையில் அந்த எழுத்தைப் போட்டிருக்கிறேன். மறைபொருள் தேடுகிறவர்களுக்குச் சொல்கிறேன், தொழில்காரன் படத்தில் எதையாவது ஒளித்தால் பெரும்பாலும் அது இதுதான். வெளிப்படையாகப் போட இடம் கொடுக்காத பெயர்.

உங்களுக்கு அந்தக் கஷ்டம் வேண்டாம். ஃபிளெக்ஸின் மூலையில் கடைப் பெயரும் செல் நம்பரும் போடுகிறீர்கள். அதற்குப் பக்கத்தில் உங்கள் பெயருக்கு இரண்டு அங்குலம் கேளுங்கள். வருகிற ஆடித்தபசு போர்டிலிருந்தே தொடங்கலாம். நெட்டில் இறக்கிய சாமிப்படத்தை வைக்கும் முன், வரைந்தவர் யார் என்று ஐந்து நிமிடம் தேடுங்கள். கிடைத்தால் அந்தப் பெயரையும் சேருங்கள். கண்ணீர் அஞ்சலிக்கு எல்லோருக்கும் ஒரே மெழுகுவர்த்தியும் ஒரே ரோஜாவும் வைக்காமல், செத்தவர் என்ன செய்து பிழைத்தார் என்று வீட்டுக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். எலுமிச்சைத் தோட்டக்காரர் என்றால் ஒரு எலுமிச்சைக் கிளை போதும். தெருவில் போகிற ஆச்சி நின்று வாசித்துவிடுவாள்.

டி-ஷர்ட் தம்பிக்குத் தனியாக ஒன்று. அடுத்த தடவை யாராவது அது என்ன மலை என்று கேட்டால், நட்சத்திரம் என்று சொல்லுங்கள். கோடு போட்டவர் பெயர் ஹெரால்ட் கிராஃப்ட் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ச.
சிவகிரி